படிவம் 3 யாருக்கு? இறந்து பிறந்த குழந்தையின் சான்றும் மருத்துவமனை உரிமமும்: தங்கவயலை முன்வைத்து

கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2007இல் வந்தது. 2017 நவம்பரில் தனியார் மருத்துவர்கள் மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம் செய்து எதிர்த்த பிறகும் அதன் திருத்தம் நிறைவேறியது. நோயாளர் உரிமைப் பட்டியலும் மாவட்ட அளவிலான குறைதீர் அமைப்பும் வந்தன. பில் பாக்கிக்காக உடலைப் பிடித்துவைக்கவும் தடை வந்தது. ஆனால் குழந்தை இறந்தே பிறந்தால் தாயின் கையில் என்ன தாள் தரப்பட வேண்டும் என்பதற்கு அதில் தனி ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாட்டுக்கு உரிய இடம் உரிம விதிகளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, 'பிறப்பு' என்பதில் இறந்து பிறப்பதும் அடங்கும். 28 வாரம் நிறைந்திருந்தால் படிவம் 3இல் தெரிவித்துத் தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 1999இன் மாதிரி விதிகளில் பிறப்புச் சான்றுக்குப் படிவம் 5, இறப்புச் சான்றுக்குப் படிவம் 6. இறந்து பிறந்ததற்குச் சான்றுப் படிவமே இல்லை. சட்டத்தின் 12ஆம் பிரிவை எழுத்துப்படி வாசித்தால், பிறப்பின் பதிவுச் சான்று தகவல் தந்தவருக்கு உரியது. இறந்து பிறப்பதும் பிறப்புதானே என்று வாதாடலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவமனைப் பிரசவத்தில் தகவல் தருபவர் 8ஆம் பிரிவின்படி அங்குள்ள பொறுப்பு மருத்துவர், தாய் அல்ல. வாதம் வென்றாலும் சான்று போய்ச் சேருவது மருத்துவமனைக்கே. கர்ப்ப வாரம், இறப்பின் காரணம் ஆகியவை உள்ள புள்ளிவிவரப் பகுதியோ பிரிக்கப்பட்டு மேலிடத்துக்குப் போய்விடுகிறது.

28 வார எல்லைக்குக் கீழேயும் ஓர் இடைவெளி உண்டு. 1948இன் ஈ.எஸ்.ஐ. சட்டம் 26 வாரத்துக்குப் பிந்தைய பிரசவத்தை, குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும், பேறுகாலம் என்றே கணக்கில் கொண்டது. 1961இன் மகப்பேறு நலச் சட்டமும் அதே எல்லையில் கருச்சிதைவை நிறுத்தியது. ஆக, 27ஆம் வாரத்தில் குழந்தையை இழந்த தொழிலாளிக்குப் பேறுகாலச் சலுகை உண்டு. பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. அவரிடம் மிஞ்சுவது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். அதில் 'ஐ.யூ.எஃப்.டி.' (கருப்பையிலேயே குழந்தை இறந்தது) என்ற நான்கெழுத்து இருந்து வாரக் கணக்கு விடுபட்டிருந்தால், அலுவலக மேசையில் அவர் எதைக் காட்டுவார்?

கோலார் தங்கவயலில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனமும், 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமும் நடத்திய ஊர் இது. சம்பளம், லைன் வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே முதலாளி. தாய்க்குத் தாள் இல்லாவிட்டாலும், கொடுப்பவரும் சரிபார்ப்பவரும் ஒருவரே என்பதால் வேலை நடந்தது (அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை). 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியதும் அது அறுந்தது. இன்று மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெண்ணின் முதலாளி ஓரிடம். பிரசவம் ராபர்ட்சன்பேட்டையிலோ கோலாரிலோ. நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு என்பதால் பதிவாளர் இன்னோரிடம்.

கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணம் தர வேண்டுமென்று 2002இன் மருத்துவ ஒழுங்குமுறை சொல்கிறதே, புதிய விதி எதற்கு என்பார்கள். கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த வாரத்தில் யார் போய்க் கேட்பது? தாளைத் தந்தால் வழக்குக்கு வழிவகுக்கும் என்ற அச்சத்துக்கும் பெரிய ஆதாரம் இல்லை. வழக்குப் போடுபவர் வழக்கறிஞர் மூலம் ஆவணத்தை எப்படியும் பெற்றுவிடுவார். தாள் இல்லாமல் நிற்பது சலுகை கேட்டுப் போகும் கூலிப் பெண்தான். இங்கிலாந்தில் 24 வாரத்திலிருந்தே பதிவும் சான்றும் உண்டு. 2024 முதல் அதற்கு முந்தைய இழப்புக்கும் விரும்பினால் சான்று கிடைக்கிறது.

28 வார எல்லையை மாற்றப் பதிவு விதிகளைத் திருத்த வேண்டும். தாளைத் தரச் சொல்ல அது தேவையில்லை. படிவம் 3இன் நகலை, 28 வாரத்துக்கு உட்பட்டதெனில் வாரம், எடை, தெரிந்த காரணம் எழுதிக் கையொப்பமிட்ட குறிப்பை, டிஸ்சார்ஜுக்கு முன் கேட்காமலே தாயிடம் தர வேண்டும் என்று உரிம நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதைக் கன்னடத்தோடு தமிழிலும் தரலாமா என்பதை மாவட்ட உரிம அதிகாரிகள் தங்கவயல் நர்சிங் ஹோம்களோடு பேசி முடிவு செய்யலாம்.