மருந்தியல் கல்வியின் வரலாறு: டோர்பாட் முதல் சிக்காகோ வரை

மருந்தியல் என்பது, ஒரு மருந்து உடலில் என்ன செய்கிறது, உடல் அந்த மருந்தை என்ன செய்கிறது என்பதை ஆராயும் அறிவியல் ஆகும். இன்று மருத்துவம் பயிலும் எவரும் இப்பாடத்தைப் படிக்காமல் பட்டம் பெற முடியாது. ஆயினும், இது தனித்துறையாகி இன்னும் இருநூறு ஆண்டுகள் நிறைவடையவில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு என்று கைமாறி வளர்ந்த இக்கல்வி, பின்னாளில் பல குழந்தைகளைக் காத்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

மனப்பாடப் பாடம்

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகளில் 'மெட்டீரியா மெடிக்கா' என்ற பாடம் நடத்தப்பட்டது. மருந்துப் பொருளின் பெயர், அது கிடைக்கும் இடம், தயாரிக்கும் முறை, எந்த நோய்க்குக் கொடுப்பது ஆகியவற்றை மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். மருந்து எவ்வாறு வேலை செய்கிறது, எந்த அளவில் நஞ்சாகிறது என்பவற்றைச் சோதித்து அறியும் வழக்கம் வகுப்பறைக்குள் பெரும்பாலும் வரவில்லை.

டோர்பாட்டின் நிலவறை

இந்நிலையை மாற்றியவர் ருடால்ஃப் புக்ஹைம். 1847-இல் இவர் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றத் தொடங்கினார். அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த அந்நகரம் இன்று எஸ்டோனியாவில் 'தார்ட்டு' என வழங்குகிறது. ஜோனதன் பெரெய்ராவின் ஆங்கில மருந்து நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, பயனற்ற மருந்துகளை நீக்கிவிட்டு, மருந்துகள் செயல்படும் விதம் பற்றிய ஒரு பகுதியைத் தாமே எழுதிச் சேர்த்தார். தம் வீட்டின் நிலவறையில் சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் ஒன்றையும் அமைத்தார். அதுவே உலகின் முதல் மருந்தியல் ஆய்வுக்கூடமாகக் கருதப்படுகிறது.

அவருடைய மாணவர் ஆஸ்வால்ட் ஷ்மீடபெர்க், 1872-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்று அங்கு மருந்தியல் துறையை வளர்த்தார். அவரிடம் பல நாட்டு மாணவர்கள் பயின்றனர். அவர்களுள் ஒருவரான ஜான் ஜேக்கப் ஏபெல் அமெரிக்கா திரும்பி, 1891-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும், 1893-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் மருந்தியல் கற்பித்தார். ஏபெலுடன் பணியாற்றிய யூஜின் கெயிலிங், 1936-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறைக்குத் தலைவரானார்.

அவ்வாண்டே கனடாவிலிருந்து பிரான்சிஸ் ஓல்டம் என்ற இளம்பெண் அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். சேர்க்கைக் கடிதத்தில் கெயிலிங் அவரை 'திரு. ஓல்டம்' என்றே விளித்திருந்தார்!

1937: இனிப்பு மருந்தில் நஞ்சு

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பெருந்துயரம் நிகழ்ந்தது. ஒரு நிறுவனம், சல்பனிலமைடு என்னும் மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து, ராஸ்பெரி சுவை சேர்த்து விற்றது. நிறம், மணம், சுவை மூன்றும் சரிபார்க்கப்பட்டன; நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை. சோதிக்க வேண்டும் என்று அன்றைய சட்டமும் சொல்லவில்லை. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்களுள் பலர் குழந்தைகள்.

கெயிலிங்கின் குழுவினர் சல்பனிலமைடையும் கரைப்பானையும் தனித்தனியாக விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கொன்றது மருந்து அன்று, கரைப்பானே என்பது தெளிவாயிற்று. அவ்வாய்வில் மாணவி ஓல்டமும் பங்கேற்றார். 1938-இல் நிறைவேறிய புதிய சட்டம், விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பை நிறுவனம் காட்ட வேண்டும் என்றது.

1960: கையெழுத்திட மறுத்த மருத்துவர்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிக்காகோவில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்தபோது, ஓல்டம் முக்கியமான ஒன்றைக் கண்டார். வளர்ந்த முயல் எளிதில் சிதைத்துவிடும் குவினைனை, கருவிலுள்ள முயல்குட்டியால் சிதைக்க முடியவில்லை. தாயின் உடல் தாங்கும் மருந்தைக் கரு தாங்கும் என்று கொள்ள முடியாது என்பதே அதன் பொருள்.

திருமணத்திற்குப் பின் கெல்சி என்று அழைக்கப்பட்ட அவர், 1960-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்துக்கான விண்ணப்பம் அவரிடம் வந்தது. 1957 முதல் மேற்கு ஜெர்மனியில் விற்கப்பட்ட அம்மருந்தைக் கர்ப்பிணிகளும் குமட்டலுக்காக உட்கொண்டனர். அறுபது நாள்களுக்குள் மறுப்பு வராவிட்டால் விற்பனை செய்யலாம் என்பது அன்றைய விதி. கெல்சியோ ஒவ்வொரு முறையும் கூடுதல் சான்று கேட்டார். நரம்புப் பாதிப்பு பற்றிய ஒரு கடிதத்தை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் படித்த பின், கருவுக்கு இது பாதுகாப்பானதா என்றும் வினவினார். நிறுவனத்தின் நெருக்குதலுக்கு அவர் பணியவில்லை.

1961 நவம்பரில் உண்மை வெளிப்பட்டது. தாலிடோமைடு உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் குறைபாட்டுடன் குழந்தைகள் பிறந்தன. உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. சில மருத்துவர்களுக்குச் சோதனைக்கென அம்மருந்து வழங்கப்பட்டிருந்ததால், அமெரிக்காவிலும் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டன. எனினும் அன்று அது அங்கே விற்பனைக்கு வரவில்லை. 1962-இல் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. கெல்சி 2015-இல் தம் 101-ஆம் வயதில் காலமானார்.

முடிவுரை

சட்டம் வந்துவிட்டதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1986-இல் மும்பையில், டைஎத்திலீன் கிளைகால் கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள் இறந்தனர். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் சிறு குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்திலும் அதே நஞ்சு இருந்தது. அம்மருந்து தயாரிக்கப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்! 1937-இல் கற்ற பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கற்க வேண்டியுள்ளது.

எனவே, மருந்தியலைத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலாக மட்டும் மாணவர்கள் எண்ணுதல் கூடாது. இம்மருந்து எதில் கரைக்கப்பட்டுள்ளது? எந்த அளவு? யாருக்குக் கொடுக்கக் கூடாது? இதற்குச் சான்று என்ன? இக்கேள்விகளைக் கேட்கும் பழக்கமே புக்ஹைமின் நிலவறையிலிருந்து கெல்சியின் மேசை வரை வந்து சேர்ந்த கல்வியாகும்.