பிராவாவும் சபாஷும்

ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் ‘கயிற்ஸ்’ என்பர். துறைமேடையைக் குறிக்கும் ‘கைஷ்’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே அப்பெயர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். முப்பத்தொன்பது ஆண்டுகளே ஆண்டனராயினும் கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண் என அவர்தம் சொற்கள் தீவகத்து வீடுகளில் இன்றும் வழங்குகின்றன. ஒல்லாந்தரோ தீவுகளுக்கே தம் நகர்ப்பெயர்களை இட்டனர். நயினாதீவுக்கு இட்ட ஹார்லெம் மறைந்தது. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் ஆங்கிலத்தில் நிலைத்தது.

இத்துணைச் சொற்கள் வந்திறங்கிய துறைவழியே கலைஞரைப் பாராட்டும் சொல் ஒன்றும் வந்திலது. இது வியப்பன்று. பொதுமக்கள் கட்டணம் செலுத்தி இசைநாடகம் காணும் முதல் அரங்கு வெனிஸ் நகரில் திறக்கப்பட்டதே 1637இல்தான். இத்தாலியரின் பாராட்டுச் சொல் பிறநாடுகளில் பரவியது அதற்கு நெடுங்காலத்தின் பின்னராம்.

அச்சொல் பால் காட்டுவது. பாடகனை ‘பிராவோ’ என்றும், பாடகியை ‘பிராவா’ என்றும் வாழ்த்துவர். நம் பழந்தமிழிலும் நல்லன், நல்லள் என்னும் வேறுபாடு உண்டு. ஆயினும் நம் அவையோர் கூவியது ‘சபாஷ்’ என்றே. ‘மகிழ்ந்திரு’ எனப் பொருள்படும் பாரசீகத் தொடரினின்று பிறந்த சொல் அது. இத்தாலியர் கலைஞரின் பண்பைப் பெயரால் சுட்டுகின்றனர்; ஆகவே பால் வேண்டப்படுகின்றது. ‘சபாஷ்’ பிறப்பால் ஏவல். ஏவல் ஆண் பெண் நோக்காது. நம் ‘வாழ்க’ என்னும் வியங்கோளும் ஐம்பாற்கும் பொது. ஆதலின் இவ்வேற்றுச் சொல் தமிழில் எளிதிற் பொருந்திற்று என்பது எம் கருத்து.

இலக்கணம் ஒருபுறமிருக்க, அரங்கில் பெண்ணே இல்லாதபோது பெண்பாற் சொல் எதற்கு? நம் நாட்டுக்கூத்துகளில் அரசியாகவும் தோழியாகவும் ஆடியோர் ஆடவரே. தமிழகத்தில் அந்நிலை முன்னரே மாறத் தொடங்கியது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டு நாடகக்குழு நடத்தினார். பின்வந்த கே. பி. சுந்தராம்பாள் கொழும்பு அரங்குகளிலும் பாடிப் புகழ்பெற்றவர்; 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆண்வேடம் பூண்டவரை எச்சொல்லால் வாழ்த்துவது? இத்தாலியருக்கு ஐயமில்லை: வேடம் யாதாயினும் பாடுபவள் பெண்ணெனின் ‘பிராவா’வே. நம்மவர்க்கோ அவ்வினாவே எழுந்திராது.

1958இல் வெளிவந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடுகையில் பி. எஸ். வீரப்பா எழுப்பும் ‘சபாஷ்’ என்னும் முழக்கத்தை அறியாதார் இலர். ஒரே சொல் இருவர்க்கும் போதிற்று. இத்தாலியராயின் அவ்விடத்துப் பெண்பாற் பன்மையாக ‘பிராவே’ என்றிருப்பர்.