வாரவிடுமுறையும் வளைந்த மட்டையும்

சரித்திரம் என்றால் அரசர்களின் போர்களும் அரசாங்கங்களின் சட்டங்களுமே என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் உழைப்பு முடிந்த ஓய்வுநாளில் ஓர் ஊரார் யாரோடு கூடினார்கள், எதற்காக வியர்வை சிந்தினார்கள் என்பதும் சரித்திரமே. கட்டுகஸ்தோட்டையிலும் அதனைச் சூழ்ந்த கண்டிப் பகுதியிலும் வாரவிடுமுறையில் ஆடப்படும் ஹொக்கி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆடுவோருக்குச் சம்பளம் இல்லை. பார்ப்போருக்கு நுழைவுச்சீட்டும் இல்லை. மறுநாட் பத்திரிகையில் அவர்களுடைய பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. இருந்தும் அடுத்த வாரம் அவர்கள் மீண்டும் வருகிறார்கள். இவ்வாட்டம் நமக்கு எவ்வழியாக வந்தது, எவற்றைத் தாங்கி நின்றது, இனி யாரால் நிற்கும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளைந்த கோலால் பந்தடிக்கும் விளையாட்டு மிகப் பழையது. கிரேக்க நாட்டின் ஆதென்ஸ் நகரில் 1922 இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு புடைப்புச் சிற்பத்தில் இருவர் வளைந்த கோல்களைத் தாழ்த்திப் பந்துக்காக எதிரெதிரே நிற்கின்றனர், அது கி.மு. 500 ஐ அண்டிய காலத்தது. நம் ஐயனார் திருக்கரத்தில் விளங்கும் செண்டும் வளைந்த கோலேயாகும். எனினும் இதனைக் கொண்டு ஹொக்கி ஆதியில் நம்முடையதே என்று சாதிக்கப் புகுவது வீண்பெருமை. இன்று நாம் ஆடும் ஹொக்கி இங்கிலாந்திலே ஒழுங்குபட்டது. 1886 இல் லண்டன் நகரக் கழகங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து விதிகளை ஒருமைப்படுத்தின. பிரித்தானியப் பட்டாளங்களோடு அது இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவில் பெய்ற்றன் கிண்ணப் போட்டி 1895 இல் ஆரம்பமாயிற்று.

மலைநாட்டிலே ஆங்கிலேயரின் விளையாட்டுகள் புகுந்த வாயில்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று தோட்டத்துரைமாரின் கழகம். மற்றது மிஷன் பாடசாலை. கண்டி விளையாட்டுக் கழகம் 1874 இல் தோன்றியது. கண்டிக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையே நித்தவெலையில் உள்ள அதன் மைதானத்தை அறியாதார் இல்லை. பெனடிக்ற் சபைத் துறவியர் 1854 இல் தொடங்கிய புனித அந்தோனியார் கல்லூரி பின்னர் மகாவலி கங்கைக் கரையில் கட்டுகஸ்தோட்டையில் நிலைபெற்றது. திரித்துவக் கல்லூரி 1872 இலும், பெண்கள் உயர்தரப் பாடசாலை 1879 இலும், கிங்ஸ்வூட் கல்லூரி 1891 இலும் தோன்றின. வேதபாடத்தோடு விளையாட்டையும் கல்வியின் அங்கமாகக் கொண்டவை மிஷன் பாடசாலைகள். அவற்றில் பயின்ற என் போன்றோர் அந்த நன்றியை மறத்தலாகாது. அதே சமயம் இது கிறிஸ்தவர்களின் தனிச்சொத்தும் அன்று. 1887 இல் எழுந்த பௌத்தர்களின் தர்மராஜக் கல்லூரியும் விளையாட்டு மைதானத்தைப் போற்றியது. 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் கொழும்பிலிருந்து கண்டி, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் சென்றார். அதன்பின் சென்னையிலே இளைஞர்களுக்கு அவர் வலியுறுத்திய கருத்து யாது? முதலில் உடலைப் பலப்படுத்துங்கள், உதைபந்தாடுங்கள், சமயஞானம் அதன்பின் தெளிவாக விளங்கும் என்பதன்றோ! சுவரின்றிச் சித்திரம் எழுதவியலாது என்ற நம் பழமொழியும் இதுவே.

ஆட்டத்திற்கு முதல் வேண்டியது மைதானமா, மட்டையா என்று கேட்டால், இரண்டுமல்ல, ஓய்வுநாளே என்பேன். இங்கிலாந்திலே 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களையும் இளைஞரையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் வேலை வாங்கலாகாது என்று விதித்தது. சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டம் என்ற வழக்கம் அத்தகைய ஓய்விலேதான் வளர்ந்தது. நம் நாட்டில் இந்த ஓய்வுநாளுக்கே ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. 1966 ஜனவரி முதல் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, அமாவாசை, பூரணை, இரு அட்டமிகள் ஆகிய நான்கு போயா தினங்களே வாரவிடுமுறையாயின. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. சந்திரனின் கணக்கு ஏழு நாட்களுக்குள் அடங்காது. ஆகவே வாரம் ஒருமுறை ஆறு நாளாகவும் மறுமுறை எட்டு நாளாகவும் மாறியது. சனி, ஞாயிறு என்று நாட் குறித்துப் பழகியவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆட்டம் நிச்சயிக்க வேண்டியதாயிற்று. 1971 இல் சனி, ஞாயிறு திரும்பி வந்தன; பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக இன்றும் நிலைக்கிறது. அந்த ஐந்தாண்டுகளைத் தாண்டி வந்த பெரியோர் நம் சங்கத்திலும் இருப்பர். அக்காலத்து ஆட்டங்களைப் பற்றி அவர்களிடம் கேட்டால் சுவையான கதைகள் கிடைக்குமன்றோ!

இனி ஆட்டத்தின் தன்மையை நோக்குவோம். பக்கத்திற்குப் பதினொருவர். முற்காலத்தில் பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என்று அணிவகுப்பர். மட்டையின் தட்டையான இடப்பக்கத்தாலேயே பந்தைத் தொடலாம். உருண்டையான மறுபக்கம் பட்டால் குற்றம். அணிக்கு ஒருவராக இருவர் பந்தின் இருபுறமும் நின்று, தரையில் ஒரு தட்டு, எதிரியின் மட்டையில் ஒரு தட்டு என மும்முறை தட்டி ஆட்டத்தை ஆரம்பிக்கும் "புல்லி" என்ற வழக்கத்தைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். 1981 முதல் அது ஆரம்ப முறையாக இல்லை. 35 நிமிடம் கொண்ட இரு பாதிகள் இருந்த இடத்தில், இன்று சர்வதேச ஆட்டத்தில் 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள் வந்துவிட்டன.

நம் ஹொக்கியின் பழைய ஏடுகளில் ஒரு பெருந்தோல்வி உண்டு. 1932 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குக் கப்பலேறிய இந்திய அணி, வழியில் இலங்கை அணியோடு இரு முறை மோதியது. முதலாட்டத்தில் 20 கோல், இரண்டாவதில் 10 கோல். இலங்கைக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை. தியான் சந்தும் அவர் தம்பி ரூப் சிங்கும் ஆடிய அணி அது. பட்டாளத்துச் சிப்பாயான தியான் சந்த், வேலை முடிந்தபின் நிலவொளியில் பழகியவர் என்று கூறுவர். அதே அணி ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24-1 என வென்றதை நோக்கின், நம்மவர் வெட்கப்பட ஏதுமில்லை. அவ்வணியின் தலைவர் லால் ஷா புகாரி பிற்காலத்தில் பாகிஸ்தானின் உயர்ஸ்தானிகராக இலங்கைக்கே வந்து, 1959 இல் கொழும்பில் காலமானார். இலங்கை இன்றுவரை ஒலிம்பிக் ஹொக்கியில் ஆடியதில்லை. அப்படியிருந்தும் ஆட்டம் அழியவில்லை. ஏன்? அதன் உயிர் பதக்கத்தில் இல்லை. வாரந்தோறும் மைதானத்துக்கு வருபவர்களிடம் இருக்கிறது. அமெச்சூர் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் அன்பையே குறிக்கும். ஊதியத்துக்கன்றி அன்பினால் ஆடுபவன் என்பதே அதன் பொருள்.

இந்த அன்புக்கு வந்த சோதனைகள் பல. சுதேச மொழிக் கல்வி வந்தபின் ஒரே பாடசாலையில் சிங்கள மாணவர் ஒரு வகுப்பறையிலும் தமிழ் மாணவர் வேறொரு வகுப்பறையிலும் அமர்ந்தனர். 1960 ஆம் ஆண்டளவில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலை வகுப்புகளும் அவ்வாறே பிரிந்தன. தாய்மொழியிற் கற்பது நம் உரிமை; அதனைக் குறைகூற நான் ஒருப்படேன். ஆனால் கூடிப்பழகும் இடங்கள் அதனால் குறைந்தன என்பதை மறுக்கவியலாது. எஞ்சிய இடங்களுள் மைதானமும் ஒன்று. அங்கே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், மலாயர் யாவரும் ஒரே நிறச் சட்டையை அணிந்தனர். "பாஸ்" என்று ஒருவன் கூவினால் மற்றவனுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

ஆயினும் மைதானத்து நட்பு எல்லாவற்றையும் தடுத்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களை அந்த நட்பால் நிறுத்த முடியவில்லை. 1983 ஜூலைக்குப் பின் கண்டியிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் பல கடல்கடந்தன. ஒரு வீட்டார் புறப்பட்டால் ஓர் அணியில் ஓர் இடம் வெறுமையாகும் என்பதை எந்தப் புள்ளிவிவர நூலும் கணக்கிடுவதில்லை. சென்றவர்களோ சென்ற இடத்திலும் ஆட்டத்தை மறப்பதில்லை. அதற்கு முந்திய தலைமுறையில் உத்தியோகம் தேடி மலாயா நாடு சென்ற இலங்கையர், 1928 இல் சிங்கப்பூரில் தமக்கென ஒரு விளையாட்டுக் கழகம் கண்டு ஹொக்கியையும் கிரிக்கெட்டையும் வளர்த்தது இதற்குச் சான்று.

அடுத்த சோதனை தரையிலிருந்து வந்தது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹொக்கி ஆடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இந்தியா, அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. புற்றரையிலே பந்து துள்ளும், திரும்பும், சேற்றில் நிற்கும். ஆகவே கையின் நுட்பமே முதன்மை. செயற்கைத் தரையிலே பந்து நேராகவும் வேகமாகவும் ஓடும். ஆகவே காலின் வேகமும் மூச்சின் வலிமையும் முதன்மை. 1980 இல் மொஸ்கோவில் சென்னைத் தமிழரான வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என வென்று மீண்டும் தங்கம் பெற்றது. அதன்பின் அந்நாட்டுக்கு ஒலிம்பிக் ஹொக்கித் தங்கம் கிட்டவில்லை. நம் நாட்டிலே பெரிய போட்டிகள் பல கொழும்பு ரீட் அவெனியூவின் செயற்கைத் தரையில் நடக்கின்றன. ஐப்பசி மழையில் ஊறிய புற்றரையில் பழகிய மலைநாட்டு இளைஞன் அத்தரையில் இறங்கும்போது, வேறோர் ஆட்டத்தை ஆடுவதுபோலத் திகைப்பதில் வியப்பென்ன? செல்வமுள்ள ஸ்தாபனம் தரை அமைக்கும். நாலுபேர் சந்தா சேர்த்து நடத்தும் கழகம் என் செய்யும்?

இவற்றோடு ரசிகர்களின் கண்ணும் வேறுபக்கம் திரும்பியது. அசுகிரிய மைதானத்தில் 1983 இல் டெஸ்ட் கிரிக்கெட் வந்தது. கட்டுகஸ்தோட்டைக் கல்லூரியில் பயின்ற முத்தையா முரளிதரன் 2010 இல் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். அதில் நமக்கெல்லாம் பெருமையே. கண்டியில் றகருக்குள்ள மவுசோ சொல்லத் தேவையில்லை. இரண்டு பெரிய மரங்களின் நிழலில் வளரும் செடியாயிற்று ஹொக்கி. ஆனால் 1880 இல் திறந்த புகையிரதப் பாதையிலே கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிச் சென்றால் வரும் மாத்தளையைப் பாருங்கள். சிறிய ஊர்தான், ஆயினும் ஹொக்கிக்குப் பெயர்பெற்ற ஊர். பாடசாலையிலே பயின்றவர் கழகத்திலே தொடர்ந்து ஆடுவதால் அங்கே அச்செடி மரமாயிற்று.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் 1906 இல் போகம்பரையில் ஆடிய பாடசாலை றகர் ஆட்டம், இந்நாட்டின் முதலாவது என்று எல்லோரும் அறிவர். ஏன் அறிவர்? எழுதிவைத்தார்கள். ஒரு சாதாரணக் கழகத்தின் சனிக்கிழமை ஆட்டத்தை யார் எழுதுவார்? யார் கோல் போட்டார், யார் சுண்ணாம்புக் கோடு இட்டார், பிளந்த மட்டைக்கு நூல் சுற்றியவர் யார், ஆட்டம் முடிந்து தேநீர் தந்த வீடு எது என்பனவெல்லாம் பெரியோரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்கள் மறையும்போது அவையும் மறையும். இழந்தபின் வருந்தி என்ன பயன்?

எனவே நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் திகதி, இடம், இரு அணிகளின் பெயர், முடிவு ஆகியவற்றை அன்றைக்கே எழுதுங்கள். பழைய ஆட்டக்காரர் வீடு சென்று அவர் கூறுவதையும் எழுதுங்கள். இரண்டாவது, தோட்டத்துப் பிள்ளைகளை நினையுங்கள். ஒரு காலத்தில் துரைமார் ஆடியபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஓய்வும் மட்டையும் இருந்தால் அவர்களும் ஆடுவார்கள். பழைய மட்டைகளைச் சேகரித்து இரவல் கொடுப்பது சங்கத்தால் இயலாத காரியமன்று. மூன்றாவது, பெண்பிள்ளைகளுக்கும் மைதானத்தில் நேரம் ஒதுக்குங்கள். பாடசாலையிலே மட்டை பிடித்த பெண், பாடசாலை விட்டதும் அதனை மூலையில் வைக்கவேண்டும் என்ற சட்டம் எங்குமில்லை.

பெரியோர்களே, உங்கள் நினைவுகளை எங்களுக்குத் தாருங்கள். இளைஞர்களே, வருகிற சனிக்கிழமை மைதானத்துக்கு வாருங்கள். ஓர் அணிக்குப் பதினொருவர் வேண்டும். பத்துப்பேர் வந்து நின்றால், வராத அந்த ஒருவருக்காக ஆட்டம் காத்துநிற்கும்.