தேர்வைக் கேட்கும் உரிமை: புதுச்சேரிக் கல்விக் குறிப்பு ஒன்றின் மறுவாசிப்பு

புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமப் பள்ளியைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு முடிவு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. அங்கே தேர்வும் பட்டமும் கைவிடப்பட்டதால், கற்றலை மதிப்பிடும் பொறுப்பு குழந்தையிடமே வந்துசேர்ந்தது என்பது அம்முடிவு. முற்பாதியில் எனக்கு மறுப்பில்லை. பிற்பாதிக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1967 ஜூலைக் குறிப்பு, நான் படித்த அளவில், அப்படிச் சொல்லவில்லை.

அக்குறிப்பில், அப்பள்ளியை நிறுவிய ஸ்ரீ அன்னை, தேர்வு காலாவதியான, பயன் தராத முறை என்கிறார். நினைவாற்றல் இருந்தால் இயந்திரத்தனமான மனமும் தேர்வில் தேறிவிடும் என்கிறார். எடுத்தாள்வோர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். நம் வினாவுக்கு விடை அதற்குப் பின்னர்தான் இருக்கிறது. தேர்வு நீங்கினால், மாணவரை அறிய ஆசிரியருக்கு அகத் தொடர்பும் உளவியல் அறிவும் இன்னும் சற்று வேண்டும். யோகம் பயிலவேண்டிய ஆசிரியர்களுக்கு அது கடினமாக இராது என்கிறார். ஆக, மதிப்பிடுபவர் இங்கும் ஆசிரியரே. விடைத்தாளைப் பார்த்து முடிவு செய்தவர் இப்போது அகத்தால் அறிந்து முடிவு செய்கிறார். குழந்தைக்கு இது முன்னதைவிட எட்டாத தீர்ப்பு என்றுகூடச் சொல்வேன். சிவப்பு மையால் சுழித்த பிழை கண்ணுக்குத் தெரியும். ஆசிரியரின் உள்ளுணர்வு தெரியாது.

அதே குறிப்பில் ஒரு சலுகையும் இருக்கிறது. பழைய வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டு, தேர்வு வேண்டுவோர் வைத்துக்கொள்ளத் தாம் இசைந்ததாகவும், வருங்காலத்தில் அது தேவைப்படாதென நம்புவதாகவும் அன்னை எழுதுகிறார். ஆய்வாளர்கள் இதை அரைமனதோடு தந்த விதிவிலக்காகக் கடந்துவிடுகிறார்கள். வேண்டுவோர் யார், ஆசிரியரா மாணவரா என்பதைக் குறிப்பை மட்டும் வைத்து அறுதியிட இயலாது. ஆனால் மாணவரையும் அதில் சேர்த்துப் படிக்க இடமுண்டு. அப்படிப் படித்தால், யாரும் திணிக்காத தேர்வு ஒன்றைத் தான் எங்கே நிற்கிறோம் என்று அறியக் குழந்தையே கேட்டுப் பெறும் நிலை தென்படுகிறது. தன்மதிப்பீட்டின் வித்து தேர்வை நீக்கியதில் இல்லை, இந்தச் சலுகையில்தான் இருக்கிறது என்பது என் வாதம். இது அன்னையின் எதிர்பார்ப்புக்கு மாறான வாசிப்பு என்பதை அறிந்தே சொல்கிறேன். மறைந்துபோகும் என்று அவர் நம்பிய சலுகைதான் தொடக்கப் பள்ளியில் காக்கப்பட வேண்டியது.

கேட்டுப் பெறுவதற்கும் பயிற்சி வேண்டும். நல்ல வேலை எது என்று தெரிதல், தன் வேலையை அதனோடு ஒப்பிடல், இடைவெளியைக் குறைக்க ஏதேனும் செய்தல் என, மாணவர் தன் வேலையைத் தானே மேம்படுத்துவதற்கு மூன்று நிபந்தனைகளைக் கல்வி மதிப்பீட்டு ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் வைத்தார். தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் முறையில் பாடச் செயல்பாடுகளைப் படிப்படியாக அடுக்கிய ஏணி, குழந்தை நிற்கும் படியைக் காட்டியது. அந்தப் படியில் செய்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்கும் கண்ணைத் தரவில்லை. சொல்வதெழுதுதல் முடிந்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தைத் திறந்து, ‘ழ’வுக்கு ‘ள’ போட்ட இடங்களைத் தானே சுழித்து, மறுநாள் அதே சொற்களைத் தனக்கு மறுபடியும் சொல்லச் சொன்னால் மூன்றும் நிறைவேறுகின்றன.

சிறு பிள்ளைகள் தம்மை மிகையாக மதிப்பிட்டுக்கொள்வார்கள் என்ற மறுப்பு உண்மைதான்; அதனால்தான் தன்மதிப்பீட்டைக் கற்பிக்கச் சொல்கிறேன். ஆசிரமப் பள்ளி தனி உலகம், அரசுப் பள்ளிக்குப் பொருந்தாது என்பது இன்னொரு மறுப்பு. மேலே சொன்ன பயிற்சிக்கு நோட்டும் பாடநூலும் போதும். இதற்கு மேல் விடை தேவையில்லை.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கும் இவ்வேளையில் இவ்வாசிப்புக்கு ஒரு நடைமுறை விளைவும் உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020 முன்வைக்கும் முழுமையான முன்னேற்ற அட்டையில், ஆசிரியர் மதிப்பீட்டோடு தன்மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெறுகின்றன. நோட்டைத் திருத்தி மூடிய பிறகு அட்டையில் நிரப்பும் தன்மதிப்பீடு, ஆசிரியர் ஏற்கெனவே சொன்னதைப் பிள்ளை திருப்பிச் சொல்வதாகவே முடியும். ஆசிரியரின் பேனா நோட்டைத் தொடுவதற்கு முன்பே பிள்ளையின் சுழிப்பு அதில் விழுந்திருக்க வேண்டும்.