பரிசுத்த வாழ்வும் மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்களும்

கிறிஸ்தவர்கள் பரிசுத்தமாக வாழ வேண்டும் என்ற கட்டளை பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் உள்ளது. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் இஸ்ரவேல் மக்களிடம் கேட்பதையே பேதுருவின் முதல் நிருபம் திருச்சபையிடமும் கேட்கிறது. கடவுள் பரிசுத்தர், ஆகவே அவருடைய மக்களும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பரிசுத்தம் என்றால் என்ன என்பதையும் லேவியராகமத்தின் அதே அதிகாரம் நடைமுறையில் காட்டுகிறது. அறுவடையில் ஏழைக்கென்று வயலோரக் கதிரை விட்டுவைத்தல், கூலியாளின் கூலியை மறுநாள்வரை நிறுத்தி வைக்காதிருத்தல், எடைக்கல்லில் ஏமாற்றாதிருத்தல் ஆகியவை அதில் அடங்கும்.

இக்கட்டளையை நிறைவேற்றத் தொடக்க நூற்றாண்டுகளில் பலர் எகிப்தின் பாலைவனத்துக்குச் சென்றனர். பின்னர் மடங்கள் எழுந்தன. வீட்டையும் தொழிலையும் விடாமல் பரிசுத்தமாக வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி (1703–1791) ஒரு நடைமுறை விடையைக் கண்டார். அதுவே மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம்.

ஆக்ஸ்போர்டு குழு

வெஸ்லி இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். ஆக்ஸ்போர்டு லிங்கன் கல்லூரியின் ஆய்வாளர். அவருடைய தம்பி சார்லஸ் 1729இல் தொடங்கிய சிறு மாணவர் குழுவுக்கு அவர் தலைவரானார். அக்குழுவினர் வேதத்தை ஒன்றாகப் படித்தனர். புதன், வெள்ளி நாட்களில் உபவாசம் இருந்தனர். திருவிருந்தில் தவறாமல் பங்கேற்றனர். 1730 முதல் ஆக்ஸ்போர்டு சிறைக்கும் சென்று கைதிகளைச் சந்தித்தனர். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வகுத்து நடந்ததால் மற்ற மாணவர்கள் அவர்களை 'மெதடிஸ்ட்' என்று கேலி செய்தனர். கேலிப்பெயரே பின்னாளில் இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

ஆனால் இந்த ஒழுங்கு வெஸ்லிக்கு மன அமைதி தரவில்லை. 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குக் கப்பல் ஏறியபோது நடுக்கடலில் புயல் அடித்தது. உடன் வந்த ஜெர்மானிய மொரேவியர்கள் கலங்காமல் பாடிக்கொண்டிருக்க, அவர் மரண பயத்தில் நடுங்கினார். ஜார்ஜியா ஊழியமும் தோல்வியில் முடிந்தது. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டது. தம் பாவங்கள் கிறிஸ்துவால் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயத்தை வெஸ்லி அங்கே அடைந்தார்.

ஏன் பரிசுத்தம்?

விசுவாசத்தாலேயே இரட்சிப்பு என்றால் நல்ல வாழ்க்கை எதற்கு? சீர்திருத்தக் காலத்திலிருந்தே புராட்டஸ்டண்ட் சபைகளை விட்டு நீங்காத கேள்வி இது. லண்டன் பெட்டர் லேன் சங்கத்தில் சிலர், உண்மையான விசுவாசம் வரும்வரை ஜெபமோ திருவிருந்தோ வேண்டாம், அமைதியாகக் காத்திருந்தால் போதும் என்றனர். அதை ஏற்காத வெஸ்லி 1740 ஜூலையில் அச்சங்கத்தை விட்டு விலகினார்.

நற்செயல்களால் மன்னிப்பைச் சம்பாதிக்க முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் மன்னிப்போடு இரட்சிப்பு முடிந்துவிடுகிறது என்பதை அவர் மறுத்தார். மனந்திரும்புதலை வீட்டின் முகப்புக்கும், விசுவாசத்தை வாசலுக்கும், பரிசுத்தத்தை வீட்டுக்கும் அவர் ஒப்பிட்டார். வீட்டுக்குள் போகத்தான் வாசல். வாசலிலேயே நின்றுவிடுபவர் வந்த நோக்கத்தை அடைவதில்லை. கடவுளை முழு இருதயத்தோடும், பிறரைத் தன்னைப் போலவும் நேசிப்பதே அவர் சொன்ன பரிசுத்தம். எனவே அது தனியே இருந்து அடையக்கூடியதன்று. நேசிக்க அயலார் வேண்டும்.

ஒரு பென்னியில் பிறந்த முறை

1739 ஏப்ரல் முதல் வெஸ்லி பிரிஸ்டல் நகரின் திறந்தவெளிகளில் பிரசங்கித்தார். சுரங்கத் தொழிலாளர்களும் கைத்தொழிலாளர்களும் திரளாக வந்தனர். ஆனால் பிரசங்கம் கேட்டவர்கள் வீடு திரும்பிய பின் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறிய வழியில்லை.

வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிரிஸ்டலில் கட்டிய கூட்ட அரங்கின் கடனை அடைப்பது பற்றி 1742 பிப்ரவரியில் ஆலோசனை நடந்தது. ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். பலருக்கு அதுவும் இயலாது என்று ஒருவர் தடை சொன்னார். அப்படியானால் மிகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், அவர்களால் முடியாததைத் தாமே கொடுப்பதாகவும் ஃபாய் கூறினார். மற்றவர்களும் அவ்வாறே முன்வந்தனர். இப்படிச் சங்கம் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரிந்தது.

காசு வாங்க வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்ற தலைவர்கள் அங்கே குடியையும் சண்டையையும் கண்டனர். வெஸ்லியிடம் வந்து சொன்னனர். தாம் நெடுநாளாகத் தேடியது இதுதான் என்று அவர் உணர்ந்தார். விரைவில் வீடுவீடாகச் செல்வதற்குப் பதிலாக வகுப்பினர் அனைவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடலாயினர். ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தம் ஆத்துமா எந்த நிலையில் இருந்தது என்று சொல்ல வேண்டும். தலைவர் தம் நிலையையும் கூற வேண்டும். பின் ஆலோசனை, கண்டிப்பு, ஆறுதல், ஜெபம் என்று கூட்டம் தொடரும். குருப்பட்டம் பெறாத சாதாரண ஆண்களும் பெண்களும் தலைவர்களாயினர்.

விதிகளும் நீக்கங்களும்

1743 மே மாதத் தேதியுடன் வெஸ்லி சகோதரர்கள் பொது விதிகளை வெளியிட்டனர். பாவத்திலிருந்து விடுபட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்கான நிபந்தனை. ஆனால் அந்த விருப்பம் உண்மையானது என்பது மூன்று வகையில் தெரிய வேண்டும்: தீமை செய்யாதிருத்தல், இயன்ற நன்மை எல்லாம் செய்தல், ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து போன்ற அருள்வழிகளைக் கைக்கொள்ளுதல். சாராயம் விற்றல், சுங்கம் ஏய்த்த சரக்கை வாங்குதல், அநியாய வட்டி, புறங்கூறல் ஆகியவை தீமைகளின் பட்டியலில் இருந்தன. பசித்தவருக்கு உணவளித்தலும் சிறைப்பட்டவரைச் சந்தித்தலும் நன்மைகளின் பட்டியலில் இருந்தன. தொடர்ந்து கைக்கொள்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டு புதுப்பிக்கப்பட்டது.

வெஸ்லி எவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பதை நியூகாசில் சங்கம் பற்றி 1743 மார்ச்சில் அவர் எழுதிய நாட்குறிப்பு காட்டுகிறது. அங்கு நீக்கப்பட்டவர்கள் 64 பேர். அவர்களில் 17 பேர் குடித்ததற்காகவும், ஒருவர் மனைவியை அடித்ததற்காகவும் நீக்கப்பட்டனர். மிகப் பெரிய எண்ணிக்கை 29. அவர்கள் பெருங்குற்றம் எதுவும் செய்தவர்கள் அல்லர், அசட்டையாக இருந்தவர்கள்.

பூரணம் பற்றிய சர்ச்சை

கிறிஸ்தவர் இவ்வுலகிலேயே அன்பில் பூரணமடையலாம் என்று வெஸ்லி கற்பித்தார். அறியாமையும் தவறான கணிப்பும் நோயும் சோதனையும் அவர்களுக்கும் உண்டு, ஆனால் அன்புக்கு மாறான நோக்கம் இதயத்தை ஆளாது என்பது அவர் விளக்கம். இதைப் பலர் எதிர்த்தனர். ஜார்ஜ் பெல் என்ற லண்டன் உறுப்பினர் தம்மைப் பூரணர் என்று கருதி, 1763 பிப்ரவரி 28 அன்று உலகம் முடியும் என்றும் அறிவித்தார். வெஸ்லி அதை வெளிப்படையாக மறுத்தார். பரிசுத்தத்தைத் தேடுவதில் பெருமையும் கலக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாயிற்று.

பணமும் அடிமை முறையும்

வகுப்புகளால் எளிதில் கடக்க முடியாத சோதனைகள் இரண்டு. முதலாவது செல்வம். குடியை விட்டு உழைத்துச் சிக்கனமாக வாழ்ந்த மெதடிஸ்டுகள் வசதி பெற்றனர். வசதி கூடக்கூடப் பக்தி குறைந்தது. பரிசுத்தமே செல்வத்தைப் பிறப்பிக்கிறது, செல்வமோ பரிசுத்தத்தை விழுங்குகிறது என்ற முரணை 1786இல் வெஸ்லி வேதனையுடன் எழுதினார். அவர் கண்ட ஒரே மாற்று, ஈட்டுவது போலவும் சேமிப்பது போலவும் கொடுப்பது. ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானத்தில் 28இல் வாழ்ந்து, வருமானம் 60, 90, 120 என உயர்ந்தபோதும் அதே 28இல் வாழ்ந்த ஆக்ஸ்போர்டு இளைஞர் ஒருவரைப் பற்றி அவர் அருளுரையொன்றில் கூறுகிறார். அந்த இளைஞர் அவரே என்பது பரவலான கருத்து. வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கேட்டு 1776இல் கடிதம் வந்தபோது, தம்மிடம் இருப்பவை லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு வெள்ளிக் கரண்டிகள் மட்டுமே என்று பதில் எழுதினார்.

இரண்டாவது அடிமை முறை. 1774இல் அதைக் கண்டித்து வெஸ்லி ஒரு நூல் வெளியிட்டார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், 1791 பிப்ரவரி 24 அன்று, அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்சை ஊக்குவித்துக் கடிதம் எழுதினார். 1784 இறுதியில் பால்டிமோரில் கூடிய அமெரிக்க மெதடிஸ்ட் மாநாடு, உறுப்பினர்கள் தம் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதித்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் 1785இலேயே அவ்விதி நிறுத்தி வைக்கப்பட்டது. பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமைகளை வைத்திருந்தது குறித்த சர்ச்சையில் 1844இல் சபை பிளவுபட முடிவெடுத்தது. குடிகாரரை நீக்கத் துணிந்த சபை, அடிமை உடையவரை நீக்கத் தயங்கியது.

தமிழ்ப் பகுதிகளில்

1814இல் மெதடிஸ்ட் ஊழியர்கள் இலங்கைக்கு வந்தனர். ஜேம்ஸ் லிஞ்ச், தாமஸ் ஸ்குவான்ஸ் ஆகிய இருவர் யாழ்ப்பாணம் சென்றனர். லிஞ்ச் பின்னர் 1817இல் சென்னைக்குச் சென்றார். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தை மொழிபெயர்த்தார்.

மதிப்பீடு

வகுப்புக் கூட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாக வலுவிழந்தன. ஆயினும் அவற்றின் வரலாறு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. பரிசுத்தமாக வாழ உறுதியெடுப்பவருக்கு, "இந்த வாரம் எப்படி வாழ்ந்தாய்?" என்று அன்போடும் உரிமையோடும் கேட்கும் அயலார் தேவை. அந்த அயலார் எல்லோருமே ஒரே பாவத்தால் ஆதாயம் பெறும்போது, அக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. அப்போது கூலியையும் எடைக்கல்லையும் பற்றிப் பேசும் லேவியராகமத்தின் பழைய கட்டளையே அவர்களை விசாரிக்க வேண்டியதாகிறது.