புத்தகத்தில் ஓடிய ஆறும் லயத்துக்குப் பின்னால் ஓடிய ஆறும்

மலாயா ரப்பர் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்குத் துரைமார்களின் கல்வி ஆர்வத்தைவிடச் சட்டத்தின் நெருக்குதலே பெரிய காரணம். 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால், அந்தத் தோட்டத்தில் பள்ளி அமைக்கும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிட 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வழிவகுத்தது. கூரை கிடைத்தது, கரும்பலகை கிடைத்தது. பாடநூல்? அது தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தது.

இதன் விளைவு பூகோளப் பாடத்தில்தான் அதிகம் தெரிந்தது. கூட்டலும் கழித்தலும் எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஆறும் மலையும் அப்படியா? பால்மரக் காட்டுக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் காவிரியையும் கங்கையையும் இமயத்தையும் மனப்பாடம் செய்தார்கள். இதை வெறும் தவறு என்று தள்ளிவிடவும் முடியாது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு பகுதிகளிலிருந்து வந்த பெற்றோருக்குக் காவிரியும் பாலாறும் கால் நனைத்த ஆறுகள். மலாயாவில் பிறந்த பிள்ளைக்கோ அவை கதையில் வரும் பெயர்கள். லயத்துக்குப் பின்னால் ஓடிய ஆற்றைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

இத்தனைக்கும் பாடம் ஊர்ப் பெயர்களிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆறு கடலிலோ இன்னோர் ஆற்றிலோ கலக்கும் இடம் குவாலா. ஆற்றின் தலைப்பகுதி உலு. புக்கிட் என்றால் குன்று, குனோங் என்றால் மலை. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் எழுந்த ஊர் கோலாலம்பூர். இந்த நான்கு சொற்களைத் தெரிந்துகொண்ட பிள்ளை, பேருந்துப் பலகையைப் பார்த்தே பாதி நிலப்படத்தைச் சொல்லிவிடும்.

தெரியாமல் இருப்பதற்கு விலையும் உண்டு. உலு சிலாங்கூரில் இருந்த குவாலா குபு நகரம், 1883இல் அணை உடைந்து வெள்ளத்தில் சிக்கியது. பிறகு ஈயச் சுரங்க மண் ஆற்றுப் படுகையை மேடாக்க, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் 1930 வாக்கில் மேட்டு நிலத்தில் குவாலா குபு பாரு எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், ஊர் இடம் மாறியபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆறு கூடும் குவாலா வருமா? அது பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆறு, மலை, மனிதன் மூன்றையும் ஒரே மூச்சில் விளக்க இதைவிட நல்ல பாடம் தேடினாலும் கிடைக்காது.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் மலாயாவை மையமாகக் கொண்ட பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. காவிரி இருந்த இடத்தில் பகாங் ஆறும், இமயம் இருந்த இடத்தில் 2,187 மீட்டர் குனோங் தஹானும் வந்தன. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானது. நாட்டின் மிக உயர்ந்த மலை 4,095 மீட்டர் கினபாலு. மிக நீண்ட ஆறு சரவாக்கின் ராஜாங். 1965இல் சிங்கப்பூர் பிரிந்ததும் எல்லைக் கோட்டையும் திருத்த வேண்டியதாயிற்று. பத்தாண்டுக்குள் ஒரே கேள்விக்கு மூன்று விடை! பாவம், அன்றைய ஆசிரியர்கள்.

ஆனாலும் லயத்துக்குப் பின்னால் ஓடிய ஆறு அப்போதும் பாடத்துக்குள் வரவில்லை. காரணம் அளவுத்திட்டம். சுவரில் தொங்கும் நாட்டுப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் பத்து கிலோமீட்டர் என்றால், இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள தோட்டம் இரண்டு மில்லிமீட்டர்தான். பென்சில் முனையை வைத்தால் மறைந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டராக வரும் நில அளவைத் துறைப் படத்தில் அதே தோட்டம் நான்கு சென்டிமீட்டர்; ஓடை, குன்று, தண்டவாளம் எல்லாம் தெரியும். அந்தப் படங்களோ பாதுகாப்புக் காரணத்தால் அனுமதியின்றி வாங்க முடியாத ஆவணங்கள். ஆகவே ஆசிரியரே வரைந்தாக வேண்டும். முதலில் வகுப்பறை, அடுத்து பள்ளித் திடல், பிறகு தோட்டச் சாலை. சூரியன் எழும் திசையைக் கைநீட்டிக் காட்டி, காலடியால் தூரத்தை அளந்து தானே கோடு போட்ட பிள்ளைக்கு, பிற்பாடு எந்த நாட்டின் நிலப்படமும் புரியும்.

1983இல் நாடெங்கும் தொடங்கிய கேபிஎஸ்ஆர் பாடத்திட்டத்தின் இரண்டாம் படிநிலையில் வந்த 'அலாம் டான் மனுசியா'வும், அதன் பின்னர் வந்த 'கஜியான் தெம்பாத்தான்' பாடமும் சுற்றுப்புறத்துக்கு ஓர் இடம் கொடுத்தன. 2014 முதல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப் பாடமாகிவிட, கஜியான் தெம்பாத்தான் விடைபெற்றது. புவியியல் தனிப் பாடமாகத் திரும்ப வருவது படிவம் 1இல். அப்போது பிள்ளைக்கு வயது 13. அதுவரை பள்ளிப் பேருந்து தினமும் இருமுறை கடக்கும் பாலத்தின் ஓரத்தில், 'சுங்கை' என்று தொடங்கும் பெயர்ப்பலகை மட்டும் நின்றுகொண்டிருக்கிறது.