வாய் நிறத்திட்டுகள்

வாயின் உட்சவ்விலும் ஈறிலும் கறுப்பு, பழுப்பு, நீலம், சாம்பல் நிறங்களில் தென்படும் மாற்றங்கள். பெரும்பாலானவை தீங்கற்றவை. தென்னிந்தியர் பலரின் ஈறில் இருபுறமும் சீராக ஓடும் கரும்பட்டை மெலனின் மிகுதியால் வருவது; நோயன்று, தேய்த்தாலும் போகாது. அதை வெளுக்கச் செய்யும் சிகிச்சை அழகுக்கு மட்டுமே. நிறம் பின்னர் திரும்புவதும் உண்டு.

தஞ்சைப் பகுதியில் முதலில் பிரித்தறிய வேண்டியது வெற்றிலைக் கறை. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை, காவிரிக் கரையோரக் கொடிக்கால்களில் விளைவது. அதோடு சீவலும் சுண்ணாம்பும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் குதப்புவோருக்குப் பல்லில் கரும்பழுப்புக் கறை ஏறும். கன்னத்தின் உட்புறத்தில் செம்பழுப்புப் படலம் படிந்து, துடைத்தால் உரிந்து வரும். வாய் நன்றாகச் சிவந்தால் மெச்சுவது இங்கே வழக்கம். மருத்துவருக்கோ அந்தச் சிவப்புதான் இடைஞ்சல்: புற்றுநோய்க்கு முன்னோடியான வெள்ளை, சிவப்புத் திட்டுகள் அதன் அடியில் ஒளிந்திருக்கக்கூடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, புகையிலை கலக்காத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய்க் காரணி. ஆகவே வாயைக் கொப்பளிக்கச் செய்து, பஞ்சுத்துணியால் ஈரம் ஒற்றிய பிறகே சவ்வைப் பார்க்க வேண்டும்.

பாக்குப் போடுபவரின் வாயில் கறுப்பைவிட வெளிறல் கவலைக்குரியது. சவ்வு சலவைக்கல் போல வெளுத்து விறைப்பதும், ரசத்தின் காரம்கூடத் தாங்காமல் எரிவதும், வாய் திறப்பு குறுகுவதும் சவ்வடி நார்த்தன்மையின் குறிகள். பாக்கை விட்டாலும் விறைப்பு எளிதில் மாறாது. புற்றுநோய் அபாயமும் நீடிக்கும். மேல், கீழ் முன்பற்களின் இடைவெளியை ஒவ்வொரு வருகையிலும் மில்லிமீட்டரில் அளந்து குறித்து வைப்பது நல்லது.

பாதரசக் கலவையால் அடைத்த பல்லருகே காணும் சாம்பல்நீலப் புள்ளி, திசுவில் புகுந்த உலோகத் துகள். எக்ஸ்ரேயில் சிலசமயம் தெரியும். புகைபிடிப்போரின் முன் ஈறு கறுக்கலாம். தொழுநோய்க்குத் தரப்படும் குளோஃபாசிமினும் மலேரியாவுக்கான குளோரோகுயினும் நிறம் மாற்றும்.

புதிதாகப் பரவும் கருமையோடு சோர்வு, எடைக்குறைவு, தலைச்சுற்றல் இருந்தால் அடிசன் நோயை நினைக்க வேண்டும். தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த இந்த அட்ரினல் குறைபாட்டுக்கு, இந்தியாவில் காசநோயும் ஒரு காரணம். இதை அறியாமல் பல்லைப் பிடுங்கினால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோய் உறுதியானவருக்குப் பெரிய சிகிச்சைக்கு முன், அவர் எடுத்துவரும் ஸ்டீராய்டு அளவை உயர்த்துவது குறித்து மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோயான மெலனோமா அரிது. மேலண்ணத்திலும் மேல் ஈறிலும் வலியின்றித் தொடங்குவதால் தாமதமாகவே பிடிபடும். அங்கே ஒற்றையாக, ஓரம் சீரற்று, காரணம் புலப்படாமல் இருக்கும் கருந்திட்டைத் திசுச் சோதனைக்கு அனுப்புவதே முறை.